பள்ளிக்கூடத்துக்குச் சீர் வருகிறது!

மேளம் முழங்குகிறது. நாதஸ்வரக்காரர் முன்னால் நடக்கிறார். பட்டுப் புடவை கட்டிய பெண்கள் தாம்பாளம் ஏந்தி வரிசையாக வருகிறார்கள். முதல் தட்டில் வெற்றிலை பாக்கு, அடுத்ததில் வாழைப்பழம், அதற்கடுத்ததில் கற்கண்டு. இதுவரை எல்லாம் நமக்குப் பழக்கமான காட்சிதான். அதற்குப் பின்னால் வரும் தட்டுகளைப் பார்த்தால்தான் வியப்பாக இருக்கிறது. ஒரு தட்டு நிறைய சிலேட்டுகள்! இன்னொன்றில் பென்சில் பெட்டிகள். வேறொன்றில் நோட்டுப் புத்தகங்கள். வாலிபர் இருவர் இரும்பு பீரோ ஒன்றைத் தூக்கி வருகிறார்கள். ஒருவர் தலையில் மின்விசிறி. ஒரு பெரியவர் சுவர்க் கடிகாரத்தைக் குழந்தையைப் போல் மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறார்.

"யார் வீட்டுக் காது குத்தல் ஐயா இது?" என்று வழியில் போகிறவர் கேட்டால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். "வீட்டுக்கு இல்லீங்க. பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டு போறோம்!" என்பார்கள்.

'கல்விச் சீர்' என்று இதற்குப் பெயர். தமிழ்நாட்டில் பல கிராமங்களில் இப்போது பள்ளி ஆண்டு முடிகிற சமயத்தில், ஆண்டு விழாவை ஒட்டி, இப்படி ஓர் ஊர்வலம் புறப்படுகிறது. தாய்மாமன் வீட்டுச் சீர் எப்படி வருமோ அப்படியே பெற்றோர்கள் கூடிப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதை வாங்கி, மேளதாளத்தோடு கொண்டு போய்த் தலைமை ஆசிரியர் கையில் ஒப்படைக்கிறார்கள். ஆசிரியர்கள் வாசலில் நின்று சந்தனம் குங்குமம் கொடுத்து வரவேற்கிறார்கள். சம்பந்தி வீட்டாருக்கு நடக்கிற உபசாரம் எதுவும் இதில் குறைவதில்லை.

ஆரம்பப் பள்ளியின் கடைசி வாரம் என்றால் பரீட்சையும் விடுமுறையும்தானே என்று நினைக்கிறோம். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு கிராமத்தின் வருஷக் கணக்கு முழுவதும் அந்த ஒரு வாரத்தில்தான் தீர்க்கப்படுகிறது என்பது தெரியும். அந்தக் கணக்கில் எது வரவு, எது பாக்கி என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எந்த விக்கிரமங்கலம்?

எடுத்துக்காட்டாக ஓர் ஊரை மனத்தில் வைத்துக்கொள்வோம். விக்கிரமங்கலம். மதுரைச் சீமையில் உசிலம்பட்டிப் பக்கத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. நாம் சொல்வது அரியலூருக்குத் தென்கிழக்கே, கொள்ளிடத்துக்கு வடகரைச் சீமையில் இருக்கும் விக்கிரமங்கலம். விக்கிரமன் என்பது சோழர்கள் விரும்பிச் சூடிக்கொண்ட பெயர். இராஜேந்திர சோழன் தலைநகர் அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் இதே மாவட்டத்தில் கிழக்கே இருக்கிறது.

இந்த ஊர் நகராமல் நின்ற இடத்திலேயே நின்றது, ஜில்லாக்கள்தான் மாறின. நெடுங்காலம் திருச்சி ஜில்லா. 1995-ம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-ம் ஆண்டில் அரியலூர் தனியாகி, மறு வருஷமே திரும்பவும் பெரம்பலூரோடு சேர்ந்து, கடைசியாக 2007 நவம்பர் 23-ந் தேதி அரியலூர் நிரந்தரமாகத் தனி மாவட்டம் ஆயிற்று. வடக்கே ஜயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் காடு. மேற்கே அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலைகளும். தெற்கே ஆற்றுப் பாசனம். வேலை தேடி ஒரு குடும்பம் எந்தத் திக்கில் போனாலும் பிள்ளையும் கூடவே போக வேண்டியதுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால், இந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடத்தின் கடைசி வாரத்தில் ஆசிரியர்கள் ஏன் அவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்பது விளங்கும்.

மூன்று பருவம், ஒரு வெயில்

நம்மில் நடுத்தர வயதுக்காரர்களுக்கெல்லாம் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று மூன்று பரீட்சைகள்தான் தெரியும். முழு ஆண்டுப் பரீட்சைக்கு ஜூன் மாதத்துப் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் படித்தாக வேண்டும். புத்தகமும் தடியாக இருக்கும். 2012-13-ம் கல்வியாண்டிலிருந்து எட்டாம் வகுப்பு வரையில் இது மாறிவிட்டது. வருஷத்தை மூன்று பருவமாகப் பிரித்து, ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் புத்தகம் கொடுத்தார்கள். ஒரு பருவத்தில் படித்ததை அந்தப் பருவத்திலேயே பரீட்சை எழுதி முடித்துவிடலாம். சின்னப் பிள்ளைகளின் பையில் கனம் குறைந்தது. தலையிலும் கனம் குறைந்தது என்று சொல்லலாம்.

ஜனவரியில் தொடங்கும் மூன்றாம் பருவம் ஏப்ரலில் முடிகிறது. ஆனால் ஏப்ரலில் எப்போது முடிகிறது என்பதை இப்போது வெயில்தான் தீர்மானிக்கிறது! 2025-ம் ஆண்டில் வெயில் கடுமையாகும் என்று கருதி, ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை பரீட்சைகளை முன்னால் இழுத்து ஏப்ரல் 7-ந் தேதி தொடங்கி 17-ந் தேதியோடு முடித்தார்கள். திறப்பதற்கும் வெயிலைத்தான் கேட்க வேண்டும். 2023-ம் ஆண்டில் ஆரம்பப் பள்ளிகள் ஜூன் 14-ந் தேதிதான் திறந்தன. 2024-ல் ஜூன் 10. 2025-ல் ஜூன் 2. ஜூன் முதல் தேதி என்றால் கண்ணை மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் என்றிருந்த காலம் போய்விட்டது.

பரீட்சை என்றவுடன் நடுங்க வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன பரீட்சை? படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். விட்ட எழுத்தை நிரப்ப வேண்டும். புளியங்கொட்டையை எண்ணிக் கூட்டிக் காட்ட வேண்டும். 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படிகளாகப் பார்க்கிறார்கள். எழுத்தை அடையாளம் காணத் தொடங்கும் பிள்ளை அரும்பு. தட்டுத் தடுமாறிப் படிக்கிற பிள்ளை மொட்டு. தன் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லது மலர். 'மக்கு' என்றும் 'மரமண்டை' என்றும் பெயர் வாங்கிய தலைமுறைக்கு இது கொஞ்சம் பொறாமை தரும் ஏற்பாடுதான்! பூக்காத அரும்பைச் செடியிலிருந்து பிடுங்கி எறிகிறவர் யாரும் இல்லை. தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டும் என்பதே அந்தப் பெயரில் இருக்கிற பாடம்.

"எங்கே, இதைப் படி பார்க்கலாம்!"

கொரோனா நோய்க் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தன அல்லவா? அப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழக வேண்டிய பிள்ளைகள் வீட்டில் இருந்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது வகுப்பு உயர்ந்திருந்தது, வாசிப்பு உயரவில்லை. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு முதல் வகுப்பு எழுத்தே பழக்கமில்லை. அந்தக் குழியை நிரப்பத்தான் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. மாலை நேரத்தில் கிராமத்துத் தன்னார்வலர்கள் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்கள்தான்.

2024-25-ம் ஆண்டில் வந்த இன்னொன்று, கிராமத்து மனிதருக்கு மிகவும் பிடித்துப் போன ஏற்பாடு. '100 நாள் சவால்' என்று அதைச் சொன்னார்கள். "எங்கள் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் தமிழ் படிப்பார்கள், ஆங்கிலம் படிப்பார்கள், கணக்குப் போடுவார்கள். யார் வேண்டுமானாலும் வந்து சோதித்துப் பார்க்கலாம்!" என்று பள்ளிக்கூடங்களே ஊரைக் கூவி அழைத்தன. நூறு நாள் பயிற்சிக்குப் பிறகு பெற்றோர்கள் முன்னிலையில் பிள்ளைகள் எழுந்து நின்று படித்துக் காட்டினார்கள்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் தமிழ் எழுத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால்தான் உணர முடியும். நம் எழுத்துக்கள் 247. பெரியவர்களுக்கு அது ஒரு கணக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு காடு. 'கா' என்றால் கால் பின்னால் வருகிறது. 'கெ' என்றால் கொம்பு முன்னால் வருகிறது. ஆனால் ஓசையோ பின்னால் வருகிறது! 'கோ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் ககரம். மூன்றையும் ஒரே பார்வையில் பிடித்து ஒரே ஓசையாகச் சொல்ல வேண்டும். 'லை'யும் 'ளை'யும் 'ழை'யும் கண்ணுக்கு வேறு, காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்று. இத்தனையையும் கடந்து ஒரு குழந்தை தினசரிப் பத்திரிகையின் தலைப்பைப் படித்துவிட்டால், அது மலையேறி இறங்கிய மாதிரிதான்.

கல்விக் கூடத்துக்குள் காலெடுத்து வைத்தே இராத பாட்டி ஒருத்தி அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டை எடுத்து நீட்டி, "எங்கே கண்ணு, இதுல நம்ம ஊட்டுப் பேரெல்லாம் சரியா இருக்கான்னு படிச்சிச் சொல்லு" என்பாள். அதைவிடக் கடினமான பரீட்சைத்தாள் எந்தக் கல்வி இலாகாவும் தயாரித்தது கிடையாது. அதில் தேறிய பிள்ளைக்கு வேறு சான்றிதழ் வேண்டியதும் இல்லை.

மேடையும் ஒத்திகையும்

பிறகு ஆண்டு விழா. ஒரு காலத்தில் இது பெரிய பள்ளிகளின் விசேஷமாக இருந்தது. கிராமத்து ஒன்றியப் பள்ளிகளுக்குப் பந்தல் போடவும் காசு இருக்காது. அண்மை ஆண்டுகளில் அரசாங்கமே பணம் ஒதுக்கி, எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஆண்டு விழா நடத்தும்படி உத்தரவு போட்டது. உயர் வகுப்புகளுக்கு மட்டும் இருந்த கலைத் திருவிழாப் போட்டிகள் 2024-25-ம் ஆண்டில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வந்தன. மாறுவேடம், மழலையர் பாடல், கதை சொல்லல், களிமண் பொம்மை என்று சின்னக் கைகளுக்கும் ஒரு மேடை கிடைத்தது.

பத்து நாள் முன்பிருந்தே பள்ளிக்கூடம் அமளிப்படும். ஒருபுறம் கரகாட்டம் ஒத்திகை. இன்னொருபுறம் பாரதியார் வேஷத்துக்கு மீசை ஒட்டுவதற்குப் பசை தேடுவார்கள். திருவள்ளுவருக்கு வேண்டிய பஞ்சுத் தாடியை வைத்துக்கொண்டு இரண்டாம் வகுப்பில் சண்டை நடக்கும். ஓட்டப் பந்தயம், சாக்கு ஓட்டம், எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்துக்கொண்டு ஓடுவது, இசை நாற்காலி எல்லாம் உண்டு. தாய்மார்களுக்கும் ஒரு கோலப் போட்டி வைத்துவிட்டால், அப்புறம் ஊரில் ஒரு வீட்டிலும் ஆள் இருக்க மாட்டார்கள்.

விழா அன்று மேடையில் ஏறின பிள்ளை பாட்டை மறந்துவிட்டு நிற்கும். கீழே உட்கார்ந்திருக்கும் அதன் அக்காள் சத்தம் போட்டு அடியெடுத்துக் கொடுப்பாள். ஊரே சிரிக்கும், அந்தப் பிள்ளையும் சிரித்துவிடும், பாட்டும் தொடரும். கூலி வேலைக்குப் போய்விட்டுக் களைத்து வந்த தகப்பனார் கடைசி வரிசையில் நின்றுகொண்டு, தம் மகள் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவதைக் கேட்கிறார். ஊரறிய அவர் வீட்டுப் பெயரை மரியாதையோடு கூப்பிட்டது அதுதான் முதல் தடவையாகக்கூட இருக்கலாம். ஆண்டு விழா வெறும் வேடிக்கை என்று சொல்கிறவர்கள் அந்தத் தகப்பனாரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அன்று ஒரு மாநாடு

சீர் கொண்டு வருகிற இந்த வழக்கம் நேற்று முளைத்ததல்ல. அதற்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கல்வி இலாகாவின் இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். பள்ளிக்கூடங்கள் பெருகின, பிள்ளைகள் குவிந்தார்கள், ஆனால் உட்காரப் பலகை இல்லை, கரும்பலகை இல்லை, மழைக்கு ஒதுங்கக் கூரை இல்லை. சர்க்கார் கஜானா ஒன்றை மட்டும் நம்பினால் இதெல்லாம் நிறைவேற எத்தனை காலம் ஆகும்?

அப்போது பிறந்ததுதான் பள்ளிச் சீரமைப்பு இயக்கம். 1958-ம் ஆண்டில் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் கடம்பத்தூரில் முதல் மாநாடு நடந்தது. முறை மிகவும் எளிமையானது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன வேண்டும் என்று முதலில் ஒரு பட்டியல் எழுதுவார்கள். கடிகாரம், நாற்காலி, தேசப்படம், குடிதண்ணீர்ப் பானை, விளையாட்டுச் சாமான், கட்டிடத்துக்கு நிலம் என்று எல்லாம் அதில் இருக்கும். பிறகு ஊரைக் கூட்டிப் படித்துக் காட்டுவார்கள். பணக்காரர் கட்டிடம் ஏற்றுக்கொள்வார். மளிகைக் கடைக்காரர் கடிகாரம் ஏற்றுக்கொள்வார். ஒன்றும் இல்லாதவர், "சுவர் வைக்கிற அன்றைக்கு ஒரு நாள் வேலை செய்கிறேன்" என்பார். மாநாடு ஜில்லா ஜில்லாவாகப் பரவியது. கேட்டால் கொடுக்கும் குணம் கிராமத்துக்கு உண்டு. கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும் என்பதை அந்த இயக்கம் காட்டியது.

இன்று அதே வேலைக்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த இந்தக் குழுவில் பெற்றோர்களே பெரும்பான்மை. அவர்களிலும் தாய்மார்கள் அதிகம். அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளையின் பெற்றோரே தலைவராக இருப்பார். பழைய மாணவர்களும் வெளிநாட்டுக்குப் போனவர்களும் உதவுவதற்கென்று 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்ற திட்டமும் ஏற்பட்டது.

கொடுக்கிற விஷயத்தில் ஒரு சிறிய எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர் எல்லாம் எழுதிவிட்டால் பிள்ளைகள் பாடத்தைவிட்டு அதையே எண்ணிக்கொண்டிருப்பார்கள்! இன்னொன்று: ஊர் சீர் கொடுக்கிறது என்பதற்காகச் சர்க்கார் தன் கடமையை ஊரின் தலையில் ஏற்றிவிடக் கூடாது. தாய்மாமன் சீர் கொடுப்பார். அதற்காகத் தகப்பன் சோறு போடாமல் இருக்கலாமா?

"லீவு எத்தனை நாளு டீச்சர்?"

சோறு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கடைசி நாளன்று பிள்ளைகள் கேட்கிற கேள்வியும் தாய்மார் கேட்கிற கேள்வியும் ஒன்றுதான். "லீவு எத்தனை நாளு டீச்சர்?" பிள்ளை கேட்பது சந்தோஷத்தில். தாய் கேட்பது கவலையில்.

1956-ம் ஆண்டில் காமராசர் அரசாங்கம் மதிய உணவைக் கொண்டு வந்தது. 1982 ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள பாப்பாக்குறிச்சியில். அந்நாளில் விக்கிரமங்கலமும் அதே திருச்சி ஜில்லாதான்! பிறகு முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-ந் தேதியிலிருந்து அரசு ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. 2024 ஜூலையில் கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று காலையில் சூடாக ஏதாவது ஒன்று. விடிந்ததும் வயலுக்கோ தோப்புக்கோ ஓட வேண்டிய தாய்க்கு இது எவ்வளவு பெரிய ஒத்தாசை என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, பள்ளிக்கூடம் திறந்திருக்கிற நாளில் ஒரு பிள்ளைக்கு இரண்டு வேளை சாப்பாடு உறுதி. கடைசி மணி அடித்ததும் அந்த இரண்டு வேளையும் வீட்டுக் கணக்கில் வந்து சேருகிறது. விடுமுறை என்பது நமக்கு மாமா வீடு, மாம்பழம், கடற்கரை. கூலிக் குடும்பத்துக்கு அது நாற்பது நாளைக்கும் மேல் அடுப்பில் இன்னொரு பங்கு. அத்தோடு பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

இந்தச் சீமையில் அதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. பங்குனி, சித்திரை, வைகாசிதான் முந்திரி பலன் தரும் காலம். விழுந்த பழத்தைப் பொறுக்கிக் கொட்டையைத் திருகி எடுக்கச் சின்னக் கைகளே போதும். அம்மாவோடு தோப்புக்குப் போகிற பிள்ளை இரண்டு நாள் விளையாட்டாகப் பொறுக்கும். மூன்றாம் நாள் அதற்கும் ஒரு கூடை கிடைக்கும். ஜூன் மாதம் பிறக்கும்போது அந்தக் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பையைத் தூக்குமா என்பதுதான் ஆசிரியர்களின் கவலை.

ஐந்தாம் வகுப்புக்காரர்கள்

ஒன்றிலிருந்து நான்கு வரை உள்ள பிள்ளைகளைப் பற்றி அவ்வளவு பயமில்லை. அவர்கள் வராவிட்டால் அதே ஆசிரியை அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பார். ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் கதை வேறு. அவர்களுக்கு அன்று விடுமுறை மட்டும் இல்லை, விடைபெறுகிற நாள். மாற்றுச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் ஆறாம் வகுப்புச் சேர வேண்டும். சட்டப்படி ஆரம்பப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பள்ளியோ மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும். மூன்று கிலோமீட்டர் என்பது பெரியவர்களுக்குச் சைக்கிளில் கால் மணி நேரம். பத்து வயதுப் பெண் பிள்ளைக்கு அது வேறு ஊர்.

இதை எழுதுகிறவன் ஐந்தாம் வகுப்புப் படித்தது 1990-களில், வேறொரு மாவட்டத்துக் கிராமப் பள்ளியில். எங்கள் வகுப்பில் வாய்க்கணக்கில் ஒரு பெண்ணை மிஞ்ச ஆள் கிடையாது. வாத்தியார் கேட்டு முடிப்பதற்குள் விடை வந்துவிடும். கடைசி நாள் எல்லோரும் வரிசையில் நின்று மிட்டாய் வாங்கிக்கொண்டு, ஒருவர் நோட்டில் ஒருவர் பெயர் எழுதிக் கொடுத்தோம். ஜூனில் ஆறாம் வகுப்பில் அவள் இல்லை. கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. பழைய பள்ளிக்கூடம், அவள் புதுப் பள்ளிக்குப் போய்விட்டாள் என்று நினைத்தது. புதுப் பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒருத்தி உண்டு என்பதே தெரியாது. இரண்டு பள்ளிக்கும் நடுவே இருந்த அந்த ரோட்டில் அவள் காணாமல் போய்விட்டாள். அவள் கையெழுத்து மட்டும் என் பழைய நோட்டில் வெகு நாள் இருந்தது.

இன்று நிலைமை வெகுவாகத் தேறியிருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்து 'எமிஸ்' என்ற கணினிப் பதிவேட்டில் வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்தவர் பெயர் பொதுத் தொகுப்பு ஒன்றுக்குப் போகிறது. புதுப் பள்ளி அங்கிருந்து அந்தப் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்கப்படாமல் ஒரு பெயர் தங்கிவிட்டால் ஒரு பிள்ளை எங்கோ நின்றுவிட்டது என்று அர்த்தம். ஆனால் கணினி பெயரைத்தான் காட்டும். பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துப் போகாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டமாக நடத்திக்கொண்டு போய்ப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டு வருகிற தலைமை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

ஜூனில் மணி அடிக்குமா?

போகிறவர்கள் கணக்கு இது. வருகிறவர்கள் கணக்கு இன்னும் கவலை தருகிறது. 2025-ம் ஆண்டில் அரசுப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கையை மார்ச் முதல் தேதியே தொடங்கிவிட்டார்கள். பரீட்சைக்கு முன்பே ஆசிரியர்கள் பதாகை பிடித்து ஊர்வலம் போனார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். சேர்ந்த பிள்ளைக்குக் கிரீடம் வைத்து மாலை போட்டார்கள். அப்படியும் அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் ஒரு பிள்ளையும் சேராத அரசுப் பள்ளிகள் இருநூறுக்கு மேல் இருந்தன.

காரணம் ஒன்றல்ல. முன்போல வீட்டுக்கு ஐந்தாறு பிள்ளைகள் பிறப்பதில்லை. வேலை தேடிக் குடும்பத்தோடு நகரத்துக்குப் போய்விட்டவர்கள் பலர். மீதி இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டு வாசலுக்குத் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வருகிறது. கடன் வாங்கியாவது பிள்ளையை ஆங்கிலம் பேச வைத்துவிட வேண்டும் என்ற தாயின் ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால் இன்னும் பிள்ளைகள் குறைவார்கள். கடைசியில் பாதிக்கப்படுவது வேனுக்குப் பணம் கட்ட முடியாத அந்த நாலு வீட்டுப் பிள்ளைகள்தான்.

சீர்வரிசையில் பீரோ வந்தது, கடிகாரம் வந்தது, மின்விசிறி வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தப் பீரோவில் வைக்கப் புத்தகம் இருந்தும் அதைப் படிக்கப் பிள்ளை இல்லாவிட்டால் என்ன பிரயோஜனம்?

உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இந்தப் பருவம் முடியும்போது ஓர் எட்டு போய்ப் பாருங்கள். ஏதாவது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, சட்டைப்பையில் இருக்கும் காகிதத்தை நீட்டி, படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுமாறினால் திட்டாதீர்கள், உட்கார்ந்து இரண்டு எழுத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஐந்தாம் வகுப்பில் இந்த வருஷம் எத்தனை பேர் என்று கேட்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் இரண்டாவது வாரம் அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு ஆறாம் வகுப்பு வாசலில் போய் நின்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்த வீட்டுக்குப் போய், "ஏம்மா, புள்ளைய இன்னும் பள்ளிக்கூடம் அனுப்பலையா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். காசு செலவில்லாத சீர் இது. மேளமும் வேண்டாம், தாம்பாளமும் வேண்டாம்.

என் வகுப்புத் தோழியின் வீட்டு வாசலில் அன்றைக்கு அப்படி யாராவது ஒருவர் போய் நின்றிருந்தால், வாய்க்கணக்கில் கெட்டிக்காரியான அவள் இன்றைக்கு எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பாளோ!